ஒன்பதாயிரம் ரூபாய் சிங்கர்

வங்கியில் கையெழுத்தை ஒத்துப் பார்த்தே பிழைப்பவன் நான். அப்படிப்பட்ட நானே ஏமாந்த கதை இது. சிரிக்காமல் படியுங்கள்.

இங்கே கொல்கத்தாவில் ஒரு பழைய சாமான் கடையில் கறுப்பு நிறக் கை மெஷின் ஒன்றைப் பார்த்தேன். உடம்பெல்லாம் தங்கக் கோலம், நடுவில் ‘சிங்கர்’ என்று எழுத்து. 1890-ல் செய்தது என்றார் கடைக்காரர். ஒன்பதாயிரம் கொடுத்துத் தூக்கி வந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினாள். "என்னடா இது, கடகடங்குது? நம்ம வீட்டு மெஷின் சத்தமே வேறயாச்சே" என்றாள்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன் (வாங்குவதற்கு முன் படித்திருக்கலாம்!).

நம் ஊர்ப் பக்கம் வந்த பழைய சிங்கர்களில் பெரும்பாலானவை ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் பிறந்தவை. 1885-ல் திறந்து 1980-ல் மூடிய ஆலை அது. ஒவ்வொரு மெஷினுக்கும் வரிசை எண் உண்டு. 1900-க்கு முன் வெறும் எண், அதன் பிறகு முன்னால் ஆங்கில எழுத்து. எண்ணை அடித்தட்டின் இரும்பிலேயே அச்சடித்திருப்பார்கள். என்னுடையதில் தனியாக ஒரு பித்தளைத் தகட்டில் இருந்தது, அதுவும் எழுத்தோடு. செக் புத்தகம் அச்சாகும் முன்பே தேதி போட்ட செக் மாதிரி!

தங்கக் கோலத்தையும் கவனியுங்கள். உண்மையில் தைத்துத் தேய்ந்த மெஷினில் கையும் துணியும் உரசும் முன்பக்கம்தான் அதிகம் அழியும். என்னுடையதில் உப்புத்தாள் போட்டது போல எங்கும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. ஆனால் இதை மட்டும் நம்பக்கூடாது. அசல் மெஷினுக்கே புதுக் கோலம் ஒட்டுபவர்கள் உண்டு. காந்தம் ஒட்டாவிட்டால் போலி என்பதும் தப்பு. 1933-ல் வந்த சிங்கர் 221 அலுமினியத்தில் ஆனது.

அதற்காக சிங்கர் ஜாடையில் இருப்பதெல்லாம் போலி இல்லை. அமெரிக்காவில் தையல் மெஷினின் முக்கியக் காப்புரிமைகள் 1877-லேயே முடிந்துவிட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான் கம்பெனிகள் சிங்கர் 15 மாடலை அப்படியே அச்செடுத்து நூற்றுக்கணக்கான பெயர்களில் விற்றன. ஒன்றின் பாகம் இன்னொன்றில் பொருந்தும். நல்ல உழைப்பாளி மெஷின்கள். இதே கொல்கத்தாவில் 1930-களில் தொடங்கிய ஜெய் இன்ஜினியரிங், உஷா மெஷினைத் தந்தது. அந்த ஆலை இருந்த அன்வர் ஷா ரோடு நிலத்தில் 2008-ல் சவுத் சிட்டி மால் வந்துவிட்டது. உஷா தன் பெயரைப் போட்டுக்கொண்டுதான் விற்றது. என் மெஷின் அடுத்தவன் பெயரைப் போட்டுக்கொண்டு வந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஊரில் தம்பியை போனில் பிடித்து, வீட்டு மெஷினின் எண்ணைப் படிக்கச் சொன்னேன். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுச் சொன்னான்: ‘ஒய்’ எழுத்தில் ஆரம்பம். அப்படியென்றால் கிளைட்பேங்க், 1921-க்கும் 1935-க்கும் நடுவில். தாத்தா புதிதாகவே வாங்கியிருக்க வேண்டும்.

"போன மாசம் பழைய இரும்புக்காரர் ஐந்நூறு தர்றேன்னார்ண்ணே. குடுத்துடலாம்னு பார்த்தேன்" என்றான்.

பக்கத்தில் இருந்த அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் பத்து நிமிஷம் எனக்குப் போன் கிடைக்கவில்லை.