பூட்டும் திறப்பும்

கணினி விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ் சுளிக்கும் ஆசிரியர்கள் நம்மிடையே பலர் உளர். பிள்ளைகளின் பொழுதைப் பாழாக்கும் பொருளுக்கு வரலாறு வேறா என்று அவர்கள் கேட்கவுங் கூடும். அவ்வெறுப்பில் நியாயம் அறவே இல்லையென்று வாதிட நாம் வரவில்லை. ஆயினும், சென்ற ஐம்பதாண்டுகளில் உலகின் எளிய குடும்பங்கள் பலவற்றுள் கணினி முதன்முதலாக நுழைந்தது விளையாட்டுக் கருவியின் வேடத்திலேயே என்பதை மறுத்தற்கில்லை. அப்பியாசக் கொப்பி வாங்கவே கணக்குப் பார்க்கும் வீட்டுக்கு அது எவ்வாறு வந்து சேர்ந்தது? அதன் விலையைக் குறைத்தவர் யார்? அதனைப் பூட்டி வைத்தவர் யார்? இவை பொருளாதார வரலாற்றைச் சேர்ந்த வினாக்கள்.

இவற்றை இன்று மீண்டும் எழுப்பியிருப்பது ஒரு கைக்கருவி. அமெரிக்காவின் வால்வ் கம்பனி 2022 பெப்ரவரியில் ஸ்டீம் டெக் என்ற பெயரில் அதனை வெளியிட்டது. ஏழு அங்குலத் திரை, இருபுறமும் பொத்தான்கள், எடை 669 கிராம். பார்வைக்கு விளையாட்டுப் பொருளே. உள்ளே இருப்பதோ முழுமையான கணினி. கணிக்கும் பகுதியும் படம் வரையும் பகுதியும் ஏ.எம்.டி. கம்பனியின் ஒரே சில்லில் அடங்கியுள்ளன. 16 கிகாபைற் நினைவகம் உண்டு. இயங்குதளம் லினக்ஸ். யூ.எஸ்.பி. துளையில் சிறியதோர் இணைப்பானைச் செருகி, அதிலிருந்து ஒரு கம்பியை வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கொடுத்தால், கையில் இருந்த கணினி வரவேற்பறைக் கணினி ஆகிவிடுகின்றது. திரை உடைந்து மூலையில் போடப்பட்ட கருவிகூட இவ்வாறு உயிர் பெறும். ஏசஸ், லெனோவோ ஆகிய கம்பனிகள் 2023 இல் இதே வகைக் கருவிகளைக் கொண்டுவந்தன. கைத்திறன் உள்ளோர் சிலர் அவற்றின் மின்சுற்றுப் பலகையை மட்டும் கழற்றி, சிறு பெட்டியொன்றில் அடக்கித் தொலைக்காட்சியின் கீழே வைத்துவிடுகின்றனர்.

நம் வயற்புறத்தவருக்கு இது புதுமையன்று. உழுவதற்கென வந்த லாண்ட்மாஸ்டர் பொதி இழுப்பதையும் நீர் இறைப்பதையும் புத்தளம் மாவட்டம் எங்கும் காணலாம். ஒரு தொழிலுக்குச் செய்த சிறிய எந்திரத்தை இன்னொரு தொழிலுக்குத் திருப்புவது ஏழைகளின் பழைய பொறியியல். வரவேற்பறைக் கணினியின் வரலாறு முழுவதும் அப்பொறியியலின் வரலாறே என்பது எமது கருத்து.

தொலைக்காட்சியில் விளையாடலாம் என்ற எண்ணத்தை 1966 இல் எழுதிவைத்தவர் றால்ஃப் பேயர். நாஸி ஜேர்மனியிலிருந்து 1938 இல் தப்பி வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை அவர். அவ்வெண்ணம் 1972 இல் மக்னாவொக்ஸ் ஒடிசி என்னும் பெட்டியாகக் கடைக்கு வந்தது. மக்கள் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த திரையைக் கருவியின் பாதியாக எண்ணியதே அவருடைய சாதனை. மற்றப் பாதி மலிவதற்கு 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு மொஸ் கம்பனியின் 6502 என்ற சில்லு 25 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. அதையொத்த சில்லுகள் அக்காலத்தில் நூறு டொலருக்கு மேல் விற்றன. ஆபிள், அட்டாரி, கொமடோர் ஆகிய பெயர்களெல்லாம் இச்சில்லின் குடும்பத்தால் வளர்ந்தவை. பிரித்தானியாவில் கிளைவ் சின்கிளேயர் வேறொரு சில்லைக் கொண்டு அதே வழியிற் சென்றார். 1982 இல் அவர் வெளியிட்ட ஸ்பெக்ட்ரம் 125 பவுணுக்கு விலைப்பட்டது. திரைக்குத் தொலைக்காட்சி, சேமிப்புக்குப் பாட்டுக் கேட்கும் கசெற் றெக்கோடர். அதை விலைக்குப் பெற வழியற்ற சோவியத் நாட்டு இளைஞர்கள் தாமே பிரதி செய்துகொண்டனர்.

யப்பானில் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. 1970களில் கல்குலேற்றர் கம்பனிகள் ஒன்றையொன்று விலையால் வீழ்த்தப் போட்டியிட்டன. திரவப் படிகத் திரையும் அதை இயக்கும் சில்லும் கேட்பாரற்ற விலைக்கு இறங்கின. நின்டெண்டோ கம்பனியின் குன்பே யொகோய் அவற்றை எடுத்து 1980 இல் கேம் அன்ட் வோச் என்ற கைவிளையாட்டைச் செய்தார். புதியதைத் தேடி ஓடாது, முதிர்ந்து மலிந்ததை வேறு கோணத்தில் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. கைக்கருவி வரவேற்பறைக்குப் போகும் இன்றைய கதையின் முன்பாதி, கல்குலேற்றர் கைக்கருவி ஆன இக்கதைதான்.

அதே கம்பனி 1983 இல் பமிகொம் பெட்டியை 14,800 யென்னுக்கு விற்றது. அதன் உள்ளிருந்ததும் 6502 இன் வழிவந்த சில்லே. யப்பானிய பமிகொம் பெட்டிக்குப் பூட்டு இல்லை. எவர் செய்த கசெற்றும் அதில் ஓடும். இதனால் விளைந்தது கம்பனி எண்ணிப் பாராத ஒன்று. தாய்வானில் பிரதிச் சில்லுகள் பிறந்தன. 1992 இல் டென்டி என்ற பிரதி ரஷ்யச் சந்தைக்கு வந்தது. ஒரு தலைமுறையே அதனால் விளையாடக் கற்றது. தென்சீனத்தின் சுபோர் கம்பனி அப்பெட்டியுடன் விசைப்பலகையைச் சேர்த்து, பேசிக் மொழியையும் தட்டச்சுப் பயிற்சியையும் உள்ளே வைத்து, கற்கும் எந்திரம் என்ற பெயரில் விற்றது. பெற்றோரை ஏய்ப்பதற்கான பெயர் என்பார் உளர். இருக்கட்டும், விசைப்பலகையை முதன்முதலில் தொட்ட சீனப் பிள்ளைகள் பலருக்கு அது சுபோரின் விசைப்பலகையே.

நம் கரையையும் இப்பிரதிகள் எட்டின. ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 இல் ஒளிபரப்பைத் தொடங்கிய பின் தொலைக்காட்சி இந்நாட்டு வீடுகளில் மெல்லப் பரவியது. நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரையான கரையோரத்தார் வளைகுடாவுக்கும் இத்தாலிக்கும் உழைக்கப் போயினர். மக்கள் பெரிதும் இத்தாலிக்குப் பெயர்ந்த வென்னப்புவைப் பகுதியைக் குட்டி இத்தாலி என்றே அழைப்பர். முதியோரைப் பராமரித்தும் வீடு துடைத்தும் ஈட்டிய காசில் பிள்ளைக்கு வாங்கிய பரிசாகவே, ரீவி கேம் எனப்பட்ட அப்பெட்டி இக்கரையின் பல வீடுகளுக்கு வந்தது. தாயைக் காணாத பிள்ளையின் கையில் அது இருந்தது என்பதையும் வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும்.

பூட்டின் கதைக்கு வருவோம். 1985 இல் அமெரிக்காவுக்குப் போன அதே பெட்டியின் பெயர் மாறியது. உள்ளே ஒரு பூட்டுச் சில்லும் ஏறியது. கம்பனியின் அனுமதி பெறாத கசெற் அதில் ஓடாது. அதன் பின் வந்த வரவேற்பறைப் பெட்டிகளுக்கு இதுவே பொது விதியாயிற்று. பெட்டியை அடக்க விலைக்கோ அதற்குங் குறைத்தோ விற்பது, பின்னர் விளையாட்டு ஒவ்வொன்றிலும் பங்கு எடுப்பது என்பதே கணக்கு. வாங்கியவன் உரிமையாளன் அல்லன். முன்பணம் கொடுத்த குத்தகைக்காரன். சோனியின் பிளேஸ்டேஷன் 3 இதற்கு வெளிப்படையான சான்று. 2006 இல் வந்தபோது லினக்ஸை நிறுவ அது இடந்தந்தது. மலிவான கணிப்பு வலுவை நாடி, அமெரிக்க விமானப்படை அவற்றுள் 1,760 பெட்டிகளைப் பிணைத்து 2010 இல் ஒரு மீகணினியையே அமைத்தது. ஆனால் அதே ஆண்டு ஏப்ரல் முதலாம் நாள், பாதுகாப்பைக் காரணங்காட்டி, மென்பொருள் மாற்றம் ஒன்றினால் சோனி அவ்வசதியை நீக்கியது. மாற்றத்தை ஏற்க மறுத்தவருக்கு இணைய விளையாட்டு இல்லை. காசு கொடுத்து வாங்கிய பெட்டியின் திறப்பை, விற்றவனே வீட்டுக்குள் வந்து எடுத்துப்போன செயல் இது. வாங்கியோர் வழக்குத் தொடுத்தனர்.

வால்வ் கம்பனியின் கருவிக்கு அத்தகைய பூட்டு இல்லை. வேறு இயங்குதளத்தை நிறுவலாம். உறையின் வடிவ வரைபடங்களைக் கம்பனியே பொதுவில் வைத்தது. உதிரிப் பாகங்களும் விற்பனைக்கு வந்தன. இதனைத் தரும சிந்தை என்று மயங்குதல் வேண்டா. அதன் கடையில் விற்கும் விளையாட்டுக்கு வழக்கமாக நூற்றுக்கு 30 பங்கு அக்கம்பனிக்குப் போகின்றது. மைக்ரோசொஃப்ற்றின் தளத்தில் மாத்திரம் தங்கியிருக்க அஞ்சியே அது லினக்ஸை நாடியது. 2015 இல் பிற கம்பனிகளைக் கொண்டு வரவேற்பறைப் பெட்டிகளை வெளியிட்டுத் தோற்றது. விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டனை 2018 இல் உருவாக்கிய பின்னரே வழி திறந்தது. 2025 நவம்பரில் புதிய வரவேற்பறைப் பெட்டியொன்றை அது மீண்டும் அறிவித்தது. முதலாளிகள் தமக்குள் பொருதும்போது சிறிது நேரம் திறந்துகிடக்கும் கதவு இது. நுழைய முடிந்தவர் நுழையட்டும்.

நம்மவர் நுழைய முடியுமா என்பதுதான் கேள்வி. தொடக்கத்தில் அதன் குறைந்த விலை 399 டொலர். 2022 இன் ஆரம்பத்தில் டொலர் 200 ரூபாவாக இருந்தபோது ஏறத்தாழ 80,000 ரூபா. அவ்வாண்டு மே மாதம் டொலர் 360 ஐ எட்டியபோது அதுவே 1,43,000 ஐத் தாண்டியது. முதலில் விற்பனை திறந்த நாடுகள் அமெரிக்காவும் கனடாவும் பிரித்தானியாவும் ஐரோப்பிய ஒன்றியமுமே. ஆகவே புதிதாக வாங்குவோருக்கு இது மலிவன்று. 2020 இல் வந்தபோது பிளேஸ்டேஷன் 5 இன் குறைந்த விலையும் அதே 399 டொலராகவே இருந்தது. மலிவு தொடங்குவது இரண்டாங் கையில். இத்தாலியில் உள்ள மாமன் பாவித்துக் கழித்ததும், திரை உடைந்ததும் இங்கே வந்தால், தொலைக்காட்சியும் பழைய விசைப்பலகையும் மீதியை நிரப்பிவிடும். திறன்பேசியைத் திருத்தும் சிலாபத்து இளைஞருக்கு இவ்வேலை அந்நியமன்று.

மின்சாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். மின்கட்டணம் 2022 ஆகஸ்ட்டில் சராசரியாக நூற்றுக்கு 75, 2023 பெப்ரவரியில் மேலும் 66 என உயர்ந்ததை மறந்தவர் எவருமில்லை. பெரிய பெட்டிகள் ஓடும்போது 200 வாற் அளவில் இழுக்கின்றன. கைக்கருவியின் சில்லு 15 வாற்றுக்குள் அடங்குவது. படத்தைக் குறைந்த நுணுக்கத்தில் வரைந்து பெரிய திரைக்கு விரித்துக் காட்டுவதால் சிறிது மங்கல் தெரியும். அதைப் பெரிதுபடுத்துவோர் பணக்கார நாட்டுச் சஞ்சிகையாளர்.

விளையாட்டு முடிந்தபின் அதே கருவியில் தமிழில் தட்டெழுதலாம். சாதாரண தரத்துத் தகவல் தொழினுட்பப் பாடத்துக்கு நிரல் எழுதிப் பார்க்கலாம். நோய்த்தொற்றினால் பள்ளிகள் மூடியிருந்த 2020, 2021 ஆம் ஆண்டுகளில், தந்தையின் திறன்பேசியில் பாடங் கேட்க அண்ணனும் தங்கையும் முறை வைத்து அமர்ந்த வீடுகளை இவ்வேட்டின் ஆசிரிய வாசகர்கள் அறிவர். அவ்வீடுகளிலும் தொலைக்காட்சி ஒன்று இருந்தது. அதனோடு இணைக்கக் கணினி இருக்கவில்லை. தமிழ்நாட்டில் 2006 முதல் தி.மு.க. அரசு வண்ணத் தொலைக்காட்சியையும், 2011 முதல் அ.தி.மு.க. அரசு மாணவருக்கு மடிக்கணினியையும் இலவசமாக வழங்கின. வாக்குக்காகவே என்று எள்ளியவர் பலர்; கணினியைத் தொட்ட பிள்ளை அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

இன்னுமொரு இடர் உண்டு. மாலையில் நாடகத் தொடர் தொடங்கியதும் தொலைக்காட்சி பாட்டியுடையதாகிவிடும். ஸ்பெக்ட்ரம் வைத்திருந்த ஆங்கிலேயப் பிள்ளைகளும் நாற்பதாண்டுகளுக்கு முன் இதே வழக்கில் தோற்றவர்களே. அந்நேரத்துக்கு மட்டுமாவது கைக்கருவியின் சொந்தத் திரை உடையாமல் இருத்தல் நன்று.