16 அங்குலப் போர் விமானம்: ரப்பர் பேண்டில் இருந்து லிப்போ வரை

இந்த வாரம் ஏ.ஐ. கிடையாது, ராக்கெட் கிடையாது. ஒரு அட்டைப்பெட்டியைப் பற்றிப் பேசப்போறோம். பெட்டிமேல ஒரு மஸ்டாங்கோ ஸ்பிட்ஃபயரோ சீறிக்கிட்டு வர்ற மாதிரி படம் இருக்கும். திறந்தா உள்ளே சில பால்சா மரத் தகடுகள், ஒரு டிஷ்யூ பேப்பர், ஒரு பிளாஸ்டிக் ப்ரொப்பெல்லர், ஒரு ரப்பர் பேண்ட், மடிச்சு வச்ச ஒரு வரைபடம். அவ்வளவுதான்.

கில்லோஸ் என்கிற அமெரிக்க நிறுவனத்தின் பெட்டி அது. முதல் உலகப் போரில் கடற்படை விமானியாக இருந்த பால் கில்லோ 1926-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வேக்ஃபீல்டில் தொடங்கிய கம்பெனி. வரைபடத்தை மேஜைமேல் விரித்து, அதன் மேலேயே குச்சிகளைக் குண்டூசியால் நிறுத்தி, ஒட்டி, டிஷ்யூ பேப்பர் போர்த்தினால் சுமார் 16 அங்குல இறக்கையுள்ள ஒரு போர் விமானம் கிடைக்கும். ரப்பரை முறுக்கி விட்டால் சில நொடிகள் பறக்கும். எங்கே போகும் என்பது அதன் இஷ்டம்.

இந்த ரப்பரைக் கழற்றிவிட்டு, மோட்டார், பேட்டரி, ரேடியோ வைத்து, கையில் ரிமோட்டோடு ஓட்டினால் என்ன? இந்த ஆசைக்கு ஆர்.சி. உலகத்தில் ‘கன்வர்ஷன்’ என்று பெயர். கேட்க வார இறுதி வேலை மாதிரி இருக்கிறது. ஆனால் ரேடியோவில் ஓடும் முதல் மின்சார மாடல் பறந்த பிறகும், இந்தச் சின்னப் பெட்டி விமானம் சுலபமாகப் பறக்க ஏறக்குறைய 45 வருஷம் ஆச்சு. ஏன் என்பதுதான் இன்றைய எபிசோட்.

முதலில் ரப்பருக்கு ஒரு மரியாதை செய்துவிடலாம். 1871-இல் பாரிஸின் துய்லரி தோட்டத்தில் அல்ஃபோன்ஸ் பெனோ என்ற இளைஞர் முறுக்கிய ரப்பரால் ஒரு மாடல் விமானத்தை 11 நொடி பறக்கவிட்டார். தூரம் சுமார் 40 மீட்டர். தானாகவே நிலையாகப் பறந்த மாடல் அது. அதே பெனோவின் ரப்பர் ஹெலிகாப்டர் பொம்மை ஒன்றைத்தான் 1878-இல் ஒரு அமெரிக்க அப்பா தன் இரண்டு பையன்களுக்கு வாங்கி வந்தார். பையன்கள் பெயர் வில்பர், ஆர்வில். மிச்சக் கதை உங்களுக்கே தெரியும். அதனால பொம்மை முதலா, நிஜ விமானம் முதலா என்று யாராவது கேட்டா, தயங்காம பொம்மைன்னு சொல்லுங்க.

பொம்மைக்கும் ராணுவத்துக்கும் சீக்கிரமே பழக்கம் ஏற்பட்டது. 1930-களில் ஹாலிவுட்டில் ரெஜினால்ட் டென்னி என்று ஒரு நடிகர். பிரிட்டனில் பிறந்தவர், முதல் உலகப் போரில் அந்நாட்டு விமானப் படையில் இருந்தவர். ஒரு பெரிய நடிகருக்கு ஷூட்டிங் இல்லாத நாளில் ஆர்.சி. விமானம்தான் உலகம் என்று சொன்னால் நமக்கு ஆச்சரியமாக இருக்காது. நம்ம அஜித் 2018-இல் எம்.ஐ.டி. வளாகத்தின் தக்‌ஷா ட்ரோன் குழுவுக்கு ஆலோசகராக இருந்ததைப் பார்த்த ஊர் இது. டென்னி ஒரு படி மேலே போய், ஹாலிவுட் புலவார்டில் மாடல் விமானக் கடையே வைத்தார். அப்புறம் ராணுவத்திடம் போய், “உங்க பீரங்கிக்காரர்கள் சுட்டுப் பழக நான் ஆளில்லா விமானம் செஞ்சு தரேன்” என்கிற மாதிரி ஒரு யோசனையை விற்றார். அவருடைய ரேடியோபிளேன் நிறுவனம் போர்க்காலத்தில் ஏறத்தாழ 15,000 குறி விமானங்களைச் செய்து தள்ளியது. பெட்ரோல் இன்ஜின், 12 அடி இறக்கை. அந்தத் தொழிற்சாலையில் 1945-இல் வேலை பார்த்த ஒரு பெண்ணை, ராணுவப் புகைப்படக்காரர் டேவிட் கொனோவர் கையில் ப்ரொப்பெல்லரோடு படம் எடுத்தார். அந்தப் பெண்ணின் பெயர் நார்மா ஜீன். பிறகு மர்லின் மன்றோ.

அதே போரில் இன்னொன்றும் நடந்தது. எனக்கு இதுதான் அதிகம் தொந்தரவு தருகிற பகுதி. 1942-இல் அமெரிக்கக் கடற்படை பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் 5 லட்சம் மாடல் விமானங்கள் கேட்டது. 1:72 அளவு, மரத்தில் செதுக்கி, கறுப்பு வண்ணம் அடித்து அனுப்ப வேண்டும். இது பறப்பதற்கு இல்லை. எதிரி விமானம் எது, நம்முடையது எது என்று விமானிகளும் பீரங்கிக்காரர்களும் நிழலுருவத்தைப் பார்த்தே சொல்லப் பழகுவதற்கு. 35 அடி தூரத்தில் இந்த மாடலைப் பார்த்தால், அரை மைல் தூரத்தில் நிஜ விமானத்தைப் பார்த்த மாதிரி. கணக்கு கச்சிதம். மரவேலை வகுப்பில் ஒரு பையன் செதுக்கிய ஜீரோவைப் பார்த்துப் பழகிய ஒருவர், பசிபிக்கில் நிஜ ஜீரோவைச் சுட்டிருப்பார்.

சரி, மோட்டாருக்கு வருவோம்.

போர் முடிந்ததும் ரேடியோ கன்ட்ரோல் பொழுதுபோக்காகப் பரவியது, ஆனால் இன்ஜினோடு. காதைப் பிளக்கும் சத்தம், உடம்பெல்லாம் விளக்கெண்ணெய் கலந்த எரிபொருள் வாடை. மின்சாரம் என்றால் சிரிப்பார்கள். அதையும் மீறி 1957 ஜூன் 30 அன்று பிரிட்டனில் கர்னல் டாப்லின், ரேடியோ குவீன் என்ற மாடலை வெள்ளி-துத்தநாக பேட்டரியில் பறக்கவிட்டார். ரேடியோவில் ஓடிய மின்சார விமானத்துக்குப் பதிவான முதல் பறப்பு அதுதான். கவனிங்க, ரேடியோ குவீன் முதலில் இன்ஜினுக்காக வரைந்த விமானம். ஆக, இந்த வரலாறே ஒரு கன்வர்ஷனில்தான் தொடங்குகிறது.

ஜெர்மனியில் ஃப்ரெட் மிலிட்கி இன்னும் பிடிவாதக்காரர். அவர் வடிவமைத்த சைலென்டியஸ் என்ற மின்சார மாடலை கிராப்னர் நிறுவனம் 1960-இல் கிட்டாக விற்றது. ரேடியோ கிடையாது, விட்டால் தானாகப் பறக்கும். 1973-இல் அதே மனிதர் ஒரு மோட்டார் கிளைடரில் நிக்கல்-காட்மியம் பேட்டரி ஏற்றி, ஆஸ்திரியாவின் வெல்ஸ் நகரில் ஆளோடு பறக்கவைத்தார். சில நிமிஷங்கள்தான். ஆனால் மனிதனைச் சுமந்த முதல் மின்சார விமானம் அது. பொம்மைக்காரர் செய்தது. அமெரிக்காவில் ராபர்ட் பவுச்சரின் ஆஸ்ட்ரோ ஃப்ளைட் கம்பெனியும் இப்படித்தான். ஹாபிக்காரர்களுக்கு மோட்டார் விற்றுக்கொண்டே 1974-இல் சூரிய ஒளியில் ஓடும் ஆளில்லா விமானத்தைப் பறக்கவிட்டார்கள்.

அப்புறம் ஏன் சின்னப் போர் விமானம் மட்டும் பறக்க மறுத்தது? கிளைடருக்கு நீளமான இறக்கை, மெதுவான வேகம், கொஞ்சம் பவர் போதும். மஸ்டாங் அப்படி இல்லை. குட்டை இறக்கை, குண்டு உடம்பு. நம்ம தொழிலில் சர்வர் பத்தலைன்னா இன்னொரு சர்வர் போட்டுடுவோம். இங்கே அது நடக்காது. பவர் பத்தலைன்னு பெரிய பேட்டரி வச்சா, அந்த பேட்டரியைத் தூக்கவே கூடுதல் பவர் வேணும். அதுக்கு இன்னும் பெரிய பேட்டரி.

1990-களின் நிலவரம் இது: ஜப்பானின் மபூச்சி கம்பெனி செய்த மலிவான பிரஷ் மோட்டார், ‘ஸ்பீட் 400’ என்ற பெயரில் ஐரோப்பா முழுக்க ஓடியது. அந்த மோட்டார் மட்டுமே சுமார் 70 கிராம். ஏழு நிக்கல்-காட்மியம் செல் சேர்ந்தால் 100 கிராமுக்கு மேல். கில்லோஸ் பெட்டியில் இருக்கும் மொத்த மரமும் பேப்பரும் அந்த ஒரு மோட்டாரின் எடைகூட வராது. அதனால் ஸ்பீட் 400 போர் விமானங்கள் இரண்டு மடங்கு பெரியதாக, சுளீரென்று வேகமாக, கையில் இருந்து எறியும்போதே நெஞ்சு படபடக்கும்படி இருந்தன. ஐந்தாறு நிமிஷத்தில் பேட்டரி காலி. கார் பேட்டரியில் கிளிப் மாட்டி மறுபடி சார்ஜ்.

இதை உடைத்த இரண்டு பொருளும் விமானத்துக்காகப் பிறந்தவை அல்ல. ஒன்று செல்போன் பேட்டரி. சோனி 1991-இல் லித்தியம்-அயன் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பாலிமர் உறவினர்தான் லிப்போ. 2000-களின் தொடக்கத்தில் ஹாபிக்காரர்கள் கைக்கு வந்தபோது, அதே எடைக்கு நிக்கல்-காட்மியத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு ஆற்றல் கிடைத்தது. இன்னொன்று, செத்துப்போன சிடி-ராம் டிரைவ். அதில் தட்டைச் சுழற்றும் குட்டி பிரஷ்லெஸ் மோட்டாரைப் பிடுங்கி, பழைய செம்புக் கம்பியைப் பிரித்து, தடிமனான கம்பியைக் கையால் சுற்றி, நியோடிமியம் காந்தம் ஒட்டினால் சில கிராமில் ஒரு விமான மோட்டார்! யாரும் சொல்லித்தரவில்லை, யாரும் காசு தரவில்லை. குப்பையில் இருந்து வந்த இந்த வடிவத்தைத்தான் பின்னால் சீனத் தொழிற்சாலைகள் லட்சக்கணக்கில் அடித்தன.

இப்போது அந்தப் பெட்டிக்கு மறுபடி போனால் வேலை எளிது. எளிது என்றால், கை நடுங்காதவர்களுக்கு. மோட்டார், ஈ.எஸ்.சி., ரிசீவர், சில கிராம் எடையுள்ள இரண்டு சர்வோ, 20 கிராம் பக்கத்தில் ஒரு லிப்போ. எல்லாம் சேர்த்து முழு விமானமும் 100 கிராமை ஒட்டி நிற்கும். வாலில் ரட்டரையும் எலிவேட்டரையும் வெட்டி, கீல் வைக்க வேண்டும். இறக்கையில் அய்லரான் வேண்டாம் என்றால், இறக்கையின் முனைகளைக் கொஞ்சம் கூடுதலாக மேல்நோக்கி வளைத்தால் ரட்டரை வைத்தே திருப்பலாம். சிக்கல் மூக்கில்தான். எடையின் நடுப்புள்ளி இறக்கை அகலத்தின் முன்பக்கக் கால்பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வரணும். ஜீரோ மாதிரி குட்டை மூக்கு விமானங்களில் வால் கனத்துவிடும். அதனால் வால் பக்கத்தில் ஒரு துளி பசை மிச்சப்படுத்துவதுகூட லாபம். பேட்டரியை மோட்டாருக்குப் பின்னால் நெருக்கித் தள்ள, ஒரு ஃபார்மரை வெட்டி இடம் பண்ணணும். வரைபடத்தில் அந்த இடம் ரப்பருக்காக விட்ட வெற்றிடம். கில்லோ ரப்பருக்கு விட்ட இடத்தில் நாம் ஒரு செல்போன் பேட்டரியைச் செருகுகிறோம் என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். (லிப்போவை ஆள் இல்லாத அறையில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீங்க. தீப்பிடிச்சா அணைக்கிறது சுலபம் இல்லை.)

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் சிடி-ராமில் இருந்து வந்த அந்த மோட்டார், செல்போனில் இருந்து வந்த அந்த பேட்டரி, ஹாபிக்காரர்கள் ரேஸ் விட உருவாக்கிய எஃப்.பி.வி. கேமரா, எல்லாம் சேர்ந்ததுதான் இன்று உக்ரைன் போரில் இரண்டு தரப்பும் பயன்படுத்தும் எஃப்.பி.வி. ட்ரோன். டென்னியின் குறி விமானம் சுடப்படுவதற்காகப் பறந்தது. இது சுடுவதற்குப் பதிலாகவே பறக்கிறது. விலை சில நூறு டாலர். உக்ரைனில் சாதாரண மக்கள் வீட்டு மேஜையில் உட்கார்ந்து சால்டரிங் செய்து ராணுவத்துக்கு அனுப்புகிறார்கள். 1942-இன் பள்ளிக்கூட மாடல்கள் அடையாளம் காட்ட மட்டுமே பயன்பட்டன. இந்த மேஜையில் செய்வது நேரே போய் வெடிக்கிறது.

சீனா 2023-இல் இருந்து சில வகை ட்ரோன்களுக்கும் பாகங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டிருக்கிறது. இந்தியா 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதியை, சில விதிவிலக்குகள் தவிர, தடை செய்தது, பாகங்களை விட்டுவைத்தது. பொம்மைக்கு வாங்குகிறோமா வேறு எதற்கா என்று மோட்டாரைப் பார்த்தால் தெரியாது. அது அதே மோட்டார்தான், காந்தமும் செம்புக் கம்பியும்.