தாமதமாக வரும் செங்கீரை

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுக்கிறது. அவற்றுள் காப்புக்கு அடுத்ததாக நிற்பது செங்கீரைப் பருவம். குழந்தை இரு கைகளையும் தரையில் ஊன்றி, ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டி, தலை நிமிர்ந்து முகம் அசைய ஆடும் நிலையை அது குறிக்கும். இந்த நிலையை இன்றைய இயன்முறை மருத்துவர் ஒருவர் பார்த்தால், உடல் எடையைக் கைகளுக்கு மாற்றுதல், கழுத்தை நிமிர்த்துதல், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சாய்ந்து சமநிலை காத்தல் என்று தவழ்தலுக்கு முன்வரும் மூன்று திறன்களை அதில் அடையாளம் காண்பார். தாயின் கண் நூற்றாண்டுகளாகக் கண்டுவந்ததையே புலவர்கள் பருவமாக்கினர். ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் அந்தப் பருவம் ஒரே மாதத்தில் வருவதில்லை. டவுன் நோய்க்குறியுடன் பிறக்கும் குழந்தைக்கு அது பல மாதங்கள் தள்ளியே வருகிறது. அந்த இடைவெளியை மருத்துவமும் சமூகமும் எவ்வாறு புரிந்துகொண்டன என்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. நகரத்து மையங்களில் வளர்ந்த அறிவு கடலோரக் குப்பங்களைச் சென்றடைய வேண்டிய தொலைவையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அவ்வரலாறு முழுமை பெறும். பழவேற்காட்டுக் கரை அதற்குப் பொருத்தமான இடம்.

சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயலாகிய பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்துள்ளன. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் இங்கு எழுப்பிய கெல்டிரியா கோட்டை, 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அக்கம்பெனியின் தலைமையிடமாக விளங்கியது. வணிகம் பெயர்ந்துபோன பின்னும் மீன்பிடித் தொழில் நிலைத்தது. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் ‘பாடு’ என்னும் முறையால் ஏரியைப் பகிர்ந்துகொண்டனர். வலை கட்டுவதற்குரிய இடங்களை யார் எந்த நாளில் பயன்படுத்தலாம் என்பதை ஊரே முறைவைத்துத் தீர்மானிக்கும் ஏற்பாடு அது. ஆண்கள் இறாலுக்கும் மீனுக்கும் நீரில் இறங்க, பெண்கள் மீனைக் கூடையிலேற்றி விற்கவும் கருவாடு காயவைக்கவும் செல்லும் குடும்பங்களில், கைக்குழந்தை பெரும்பாலும் வடமாவட்ட வழக்கில் ஆயா எனப்படும் பாட்டியிடமோ மூத்த பிள்ளைகளிடமோ வளர்கிறது.

அந்த வளர்ப்பில் குழந்தையின் அசைவுக்குத் தனி மதிப்பு இருந்தது. குழந்தை குப்புற விழுந்தால், தவழ்ந்து வாசற்படியைத் தாண்டினால், முதலடி எடுத்துவைத்தால் பலகாரம் செய்து அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும் வழக்கம் தமிழ் வீடுகள் பலவற்றில் உண்டு. ஏரியின் வடகரையில் பேசப்படும் தெலுங்கில் இவ்வழக்கம் ஓசைப் பொருத்தத்தோடு அமைந்து, குப்புற விழுந்ததற்குப் போளியும், அடியெடுத்ததற்கு அதிரசமும், சிரித்ததற்கு எள்ளுருண்டையும் என வரிசைப்படும். மருத்துவர் அட்டையில் குறிக்கும் வளர்ச்சிப் படிநிலைகளை இக்குடும்பங்கள் பலகாரத்தால் குறித்துவைத்தன என்று சொல்லலாம். குறித்துவைக்கும் பழக்கம் இருக்கும் இடத்தில், குறிக்க வேண்டிய நாள் வராமல் போவதும் உடனே கண்ணில் படும். அப்போது எழும் கேள்விகள் பெரும்பாலும் தாயை நோக்கியே திரும்பின. கிரகணத்தின்போது வெளியே வந்தாள் என்றும், உறவில் மணம் முடித்ததால் வந்த வினை என்றும் சொல்லப்பட்ட காரணங்கள் எத்தனையோ தாய்மாரை வாயடைக்கச் செய்தன.

உண்மைக் காரணம் தாயின் நடத்தையில் இல்லை. மனித உடலின் உயிரணுக்களில் மரபுச் செய்தியைத் தாங்கும் குரோமோசோம்கள் 23 இணைகளாக அமைந்திருக்க, கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது 21ஆம் இணை பிரியாமல் நின்றுவிட்டால், கருவில் அக்குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாகிறது. டவுன் நோய்க்குறி உடையோரில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினரிடம் காணப்படும் இந்த வகை தற்செயலாக நிகழ்வது. தாயின் வயது கூடும்போது வாய்ப்பு கூடுகிறது என்றாலும், இளம் தாய்மாருக்கும் இக்குழந்தைகள் பிறக்கின்றனர். கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. உலக அளவில் 700 முதல் 1,000 பிறப்புகளுக்கு ஒன்று என்னும் அளவில் இது அமைகிறது.

இந்நிலையை முதன்முதலில் தெளிவாக விவரித்தவர் இங்கிலாந்தின் ஏர்ல்ஸ்வுட் காப்பகத்தில் கண்காணிப்பாளராக இருந்த ஜான் லாங்டன் டவுன். 1866இல் அவர் வெளியிட்ட கட்டுரை, அக்காலத்து இனவாதச் சிந்தனைக்கேற்ப, இவர்களின் முகச்சாயலை மங்கோலிய இனத்தோடு ஒப்பிட்டுப் பெயரிட்டது. அந்தப் பெயர் ஏறத்தாழ நூறாண்டு நிலைத்து, மங்கோலியாவின் வேண்டுகோளையடுத்து 1965இல் உலக சுகாதார நிறுவனத்தின் வழக்கிலிருந்து நீங்கியது. ஆயினும் அதே கட்டுரையில், உடலசைவுகளை ஒருங்கிணைக்கும் ஆற்றல் இவர்களுக்குக் குறைவெனினும் முறையான பயிற்சியால் அதைப் பெரிதும் வலுப்படுத்தலாம் என்று டவுன் எழுதியிருந்தார். பெயரைப் பற்றிக்கொண்ட உலகம் இந்தக் குறிப்பை நெடுங்காலம் மறந்தது. 1959இல் பிரான்சின் ஜெரோம் லெஜூன் குழுவினர் 21ஆம் குரோமோசோமின் மிகையைக் காட்டி வெளியிட்ட பின்னரும், பல நாடுகளில் இக்குழந்தைகளைப் பிறந்தவுடன் காப்பகத்தில் விட்டுவிடும்படியே பெற்றோருக்கு அறிவுரை கிடைத்தது. அங்கே தொட்டிலில் கிடந்த குழந்தை தவழாதது நோயின் இயல்பென்று எழுதிவைக்கப்பட்டது; தரையில் விடப்படாத குழந்தைக்குத் தவழ இடமேது என்ற கேள்வி பின்னர்தான் எழுந்தது.

தவழ்தல் தாமதப்படுவதற்கு உடல்சார்ந்த காரணங்கள் உண்டு. முதலாவது, தசைத் தளர்ச்சி: ஓய்விலிருக்கும் தசையில் இயல்பாக இருக்க வேண்டிய இறுக்கம் குறைந்திருப்பதால், அக்குளில் கைகொடுத்துத் தூக்கும்போது குழந்தை கையிலிருந்து வழுக்குவதுபோல் தாய் உணர்கிறாள். இரண்டாவது, மூட்டுகளை இணைக்கும் தசைநார்களின் நெகிழ்வு: மல்லாந்து கிடக்கையில் தொடைகள் தவளையின் கால்களைப்போல் இருபுறமும் அகன்று விழுகின்றன, தவழ்வதற்கோ முழங்கால்கள் இடுப்புக்கு நேர்கீழே வந்து நிற்க வேண்டும். மூன்றாவது, உடலின் நீளத்தோடு ஒப்பிடுகையில் கைகால்கள் குட்டையாக இருப்பது: தரையை எட்டி ஊன்றி மார்பைத் தூக்க இக்குழந்தைக்குக் கூடுதல் முயற்சி தேவை. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயக் குறைபாடும் உடனிருப்பதால் விரைவில் களைத்துவிடுகின்றனர். இவையெல்லாம் கூடுவதால், மற்றக் குழந்தைகள் பெரும்பாலும் ஆறு முதல் பத்து மாதங்களுக்குள் தொடும் நிலையை இவர்களில் பலர் ஒன்று முதல் ஒன்றரை வயதுக்குள்ளும், சிலர் அதற்குப் பின்னும் தொடுகின்றனர். கற்கும் வரிசை மாறுவதில்லை. ஒவ்வொரு படியிலும் செலவாகும் நாள்களே கூடுகின்றன.

காப்பகத்திலிருந்து வீட்டுக்கு இக்குழந்தை மீண்ட காலம் 1960களின் பிற்பகுதியில் தொடங்கியது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1969இல் தொடங்கிய போர்ட்டேஜ் திட்டம், பயிற்சியாளர் வாரந்தோறும் வீட்டுக்குச் சென்று தாய்க்குக் கற்றுக்கொடுக்கும் முறையை வகுத்து, பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. ‘ஆரம்பநிலை இடையீட்டுப் பயிற்சி’ என்று இன்று வழங்கும் இத்துறையின் சாரம், குறை முற்றிலும் வெளிப்படும்வரை காத்திராமல் பிறந்த சில வாரங்களிலிருந்தே குழந்தையோடு உழைப்பது என்பதாகும். தமிழகத்தில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1950களில் நிறுவிய பால விஹார் அறிவுவளர்ச்சிக் குறைபாடுடைய பிள்ளைகளுக்கு இடம் தந்தது. 1984இல் சுரேகா ராமச்சந்திரன் சென்னையில் தொடங்கிய முயற்சி இன்று இந்திய டவுன் சிண்ட்ரோம் கூட்டமைப்பாக நிற்கிறது. 1989இல் தொடங்கப்பட்ட மதுரம் நாராயணன் மையமோ, பிறந்தது முதல் சில ஆண்டுகளுக்குள் இருக்கும் மிகச் சிறு குழந்தைகளையே தன் பணிக்களமாக எடுத்துக்கொண்டது. அங்குப் பயன்படும் உபநயன் பயிற்சித் திட்டம், முதல் இரண்டு ஆண்டுகளுக்குரிய 250 திறன்களை உடலியக்கம், தன்னுதவி, மொழி, அறிதிறன், சமூக உறவு என்னும் ஐந்து பிரிவுகளில் அடுக்குகிறது. தாயும் குழந்தையோடு வந்து உடனிருந்து கற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. குழந்தையோடு நாள் முழுதும் இருப்பவரே உண்மைப் பயிற்சியாளர் என்ற தெளிவு அவ்விதியில் அடங்கியிருக்கிறது.

இப்பயிற்சி கேட்கும் கருவிகள் மிகச் சில. தமிழ்நாட்டில் பாட்டிமார் தரையில் கால்நீட்டி அமர்ந்து, குழந்தையைக் கால்மேல் கிடத்திக் குளிப்பாட்டும் முறை எங்கும் அறிந்தது. அதே நீட்டிய கால் தவழ்தல் பயிற்சியில் மேடையாகிறது: குழந்தையின் வயிறும் மார்பும் தொடையின் குறுக்கே படிய, ஒருபுறம் உள்ளங்கைகள் பாயில் ஊன்றவும், மறுபுறம் முழங்கால்கள் மடிந்து இடுப்புக்குக் கீழே நிற்கவும் வைத்து, அகன்று விலகும் தொடைகளைக் கையால் மெல்லச் சேர்த்துப் பிடித்தால், தளர்ந்த தசைகள் தாங்க வேண்டிய சுமையில் ஒரு பங்கைத் தொடை ஏற்றுக்கொள்கிறது. எட்டும் தூரத்துக்குச் சற்று அப்பால் பனையோலைக் கிலுகிலுப்பை ஒன்றை ஆட்டினால் குழந்தை ஒரு கையை எடுத்து நீட்டும். அந்த நொடியில் உடல் எடை முழுதும் மற்றொரு கைக்கு மாறுகிறது. செங்கீரை ஆடுவதும் அதுவே. சில வாரங்களுக்குப் பின் தொடையின் இடத்தில் வயிற்றுக்கடியில் கட்டிய துண்டு வரும். இறுதியில் துண்டும் விலகும். மரபு முறையில் ஒன்றை மட்டும் இங்கே விலக்க வேண்டும்: குளிப்பாட்டும்போது கைகால்களை வலிந்து இழுத்து நீவுவதும், தலைகீழாகத் தூக்குவதும், நெகிழ்ந்த மூட்டுகளும் உறுதி குறைந்த கழுத்தெலும்பு இணைப்பும் கொண்ட இக்குழந்தைக்குத் தீங்காகலாம்.

தூளியும் அவ்வாறே கவனத்துக்குரியது. டவுன் நோய்க்குறிக் குழந்தைகள் பலர் அதிகம் அழாதவர்கள். வேலை நெருக்கும் வீட்டில் அழாத குழந்தை சமர்த்துக் குழந்தையாகித் தூளியில் நெடுநேரம் கிடக்க நேர்கிறது. துணியில் பொதிந்த உடலுக்குக் கவிழவும் ஊன்றவும் இடமில்லை. விழித்திருக்கும் நேரத்தில் கெட்டியான பாயில் சிறிது சிறிதாகப் பலமுறை குப்புறக் கிடத்துவதே அதற்கு மாற்று. சிறு அளவிலான அன்றாடப் பயிற்சியின் பயனை, 2001இல் டேல் அல்ரிச் குழுவினர் நடைப்பயிற்சியில் எண்ணால் காட்டினர்: வீட்டிலேயே நாளுக்கு எட்டு நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள், சிறிய நகர்பட்டைக் கருவிமேல் நிறுத்திப் பயிற்றுவிக்கப்பட்ட டவுன் நோய்க்குறிக் குழந்தைகள், அப்பயிற்சி பெறாதவர்களைவிட 101 நாள் முன்னதாகத் தனியே நடந்தனர்.

இனி எஞ்சுவது தொலைவு. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வழியாகச் சென்னை சுமார் 55 கிலோமீட்டர். மையத்துக்குச் சென்று திரும்பும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் வருமானம் குறைகிறது. 2013இல் நடுவண் அரசு தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டம், பிறவிக் குறைபாடுகளின் பட்டியலில் டவுன் நோய்க்குறியைச் சேர்த்து, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களுக்கு வழிவகுத்தது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் தோன்றிய அமர் சேவா சங்கம், ஊரைச் சேர்ந்த பணியாளர்களுக்குப் பயிற்சி தந்து வீடுகளுக்கே அனுப்பும் முறையை வளர்த்துக்காட்டியது. கடலோரக் குப்பங்களுக்கு ஏற்ற வழி இதுவே என்பதில் ஐயமில்லை. இதயப் பரிசோதனைக்கும் தைராய்டு, செவித்திறன் சோதனைகளுக்கும் மருத்துவமனை தேவை; தவழக் கற்பதற்கோ பாயும் மடியும், அவற்றைப் பயன்படுத்தும் விதத்தைக் காட்டித்தரும் ஒருவரின் வருகையும் தேவை.

அளவுகோல்களும் இப்போது தளர்ந்துவருகின்றன. இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் குழந்தைகளைக் கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வு, நலமான குழந்தைகளிலேயே 4.3 விழுக்காட்டினர் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடந்ததைப் பதிவுசெய்தது. குறித்த மாதத்தில் தவழாததாலேயே ஒரு குழந்தை தோற்றுவிட்டதாகாது. ஏரியில் பாடு முறைவைத்த ஊர்களில், இன்று இடம் கிடைக்காதவர் தம் முறைநாள் வரும்வரை வலையைப் பழுதுபார்த்து ஆயத்தமாக வைத்திருப்பார். பதினெட்டாம் மாதத்தில் நிலைப்படியைத் தவழ்ந்து தாண்டும் குழந்தையின் வீட்டிலும் அன்று அடுப்பில் பலகாரச் சட்டி ஏற வேண்டும்; எட்டாம் மாதத்தில் தாண்டிய குழந்தைக்குச் செய்த அதே அளவில் செய்து, அதே வீடுகளுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும்.