நிலவில் ஒரு சரிவு, ஊவாவில் பல சரிவுகள்

சந்திரயான்-3 அனுப்பிய வெப்பநிலைத் தரவுகள் பற்றி 2025இல் வெளியான ஆய்வைப் படித்தபோது, தெமோதரையில் வசிக்கும் எனக்கு நினைவில் வந்தவை நமது மலைச்சரிவு லயன்கள்தான்.

2023 ஓகஸ்ட் 23ஆம் திகதி, ஏறத்தாழ 69 பாகை தென் அகலக்கோட்டில் விக்ரம் கலம் நிலவில் இறங்கியது. திட்டப் பணிப்பாளர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல். கலத்திலிருந்த ‘சேஸ்ட்’ கருவி, 10 சென்ரிமீற்றர் ஆழம் வரை நிலவு மண்ணுக்குள் இறங்கக்கூடியது. 10 வெப்ப உணரிகள் கொண்டது. கலம் நின்றது சூரியனை நோக்கிய 6 பாகைச் சரிவில். அங்கே மேற்பரப்பு வெப்பம் பகலில் 82 பாகை செல்சியஸ். ஒரு மீற்றர் தள்ளிச் சமதரையில் 59 பாகைதான்! வெப்பத்தைப் பரப்பக் காற்று இல்லை, மண்ணும் வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே சரிவு பார்க்கும் திசையே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சூரியனுக்கு எதிர்ப்புறம் பார்க்கும், 14 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளில் அதிக ஆழமின்றியே பனிக்கட்டி இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

கருவியை உருவாக்கியது திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வுகூடம். அகமதாபாத் இயற்பியல் ஆய்வுகூடமும் சேர்ந்துகொண்டது. திருவனந்தபுரத்து ஆய்வாளர்கள் நிலவோடு வளிமண்டலத் தூசுகளையும் அளக்கிறார்கள். அதன் அருகே தும்பாவில் 1963 நவம்பர் 21இல் முதல் ரொக்கெற் ஏவப்பட்டதும் மேல் வளிமண்டலத்தை அறியத்தான். 2024 முதல் இந்தியா ஓகஸ்ட் 23ஐத் தேசிய விண்வெளி தினமாகக் கொண்டாடுகிறது. ஆண்டுதோறும் மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸில் கூடும் நிலவு, கோள் அறிவியல் மாநாடும் இத்துறையினர் எதிர்பார்த்திருக்கும் ஒன்று.

பூமியில் காற்று உண்டு. ஆனாலும் ஊவாவில் சரிவின் திசை சும்மா இருப்பதில்லை. தென்மேல் பருவக்காற்று மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது வறண்டுவிடுகிறது. யூலை முதல் செப்டெம்பர் வரை கொழுந்து மெதுவாக வளர்கிறது. ஊவாத் தேயிலையின் பெயர்பெற்ற மணம் அந்த வறட்சி தருவதுதான். ஒக்டோபரிலிருந்து கதை மாறும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்த லயன்களை மண்சரிவு மூடியதும் அந்த மழையில்தான்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோலில் 24 மணித்தியால மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் அவதானம், 100இல் ஆயத்தம், 150இல் வெளியேற்றம். அறிவிப்பு பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வருகிறது. ஒரே பிரிவுக்குள் ஒரு மலையில் கொட்டும் மழை அடுத்த மலையில் தூறலாக இருப்பதை நாம் பார்க்கிறோம். தோட்டங்களில் மழைமானி புதிதல்ல, விளைச்சலுக்காகக் கணக்கெடுப்பார்கள். அந்த எண் லயனுக்கும் போக வேண்டும் என்பது என் கருத்து. கையால் வாசிக்கும் மானியைக் காலையில் ஒரு தடவை பார்ப்பதே வழக்கம். மண்ணோ நள்ளிரவிலும் நகரும்.

பக்கங்கள் நேராக, அடி தட்டையாக உள்ள ஒரு டின்னைத் திறந்தவெளியில் வைத்து அடிமட்டத்தால் அளந்தாலே போதும். தண்ணீர் 7.5 சென்ரிமீற்றர் நின்றால் மழை 75 மில்லிமீற்றர். ஆனால் முற்றத்தில் வெடிப்பு, மரங்கள் சாய்தல், ஊற்றுநீர் திடீரெனக் கலங்குதல் என்பவற்றைக் கண்டால் எந்த எண்ணுக்கும் காத்திருக்க வேண்டாம். முதலில் வெளியேறுங்கள், பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117இல் அழையுங்கள்.