ஹட்டனிலிருந்து கொழும்பு மாநாட்டுக்கு: பஸ், ரயில், ஒரு நாள் பேர்

மலையக மக்களைப் பற்றிய மாநாடுகள் பெரும்பாலும் கொழும்பில்தான் நடக்கின்றன. அழைப்பிதழில் 'காலை 9 மணி' என்றிருக்கும். பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ லயத்தில் இருக்கும் ஒருவர் அந்த நேரத்துக்கு மண்டபத்தில் இருக்க என்ன செய்யவேண்டும்? அந்த வழியில் பலமுறை போய் வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

தோட்டத்திலிருந்து ஹட்டனுக்கு

முதல் சிக்கல் கொழும்பு அல்ல, ஹட்டன். லயத்திலிருந்து பிரதான வீதிக்கு நடந்தோ ஆட்டோவிலோ இறங்கவேண்டும். பிறகு நோர்வூட், டிக்கோயா வழியாக ஹட்டனுக்கு பஸ். விடியற்காலையில் இந்த பஸ்ஸை நம்பிப் புறப்பட்டால் 9 மணிக்குக் கொழும்பில் இருக்க முடியாது. முதல்நாள் மாலையே ஹட்டனுக்கு வந்துவிடவேண்டும்.

ரயிலா, பஸ்ஸா?

ஹட்டனுக்கு ரயில் பாதை 1884இல் வந்தது; நானுஓயாவுக்கு 1885இல். நுவரெலியா பக்கத்தவர்கள் நானுஓயாவில் ஏறவேண்டும். பதுளையிலிருந்து வரும் இரவுத் தபால் ரயில் விடியும் முன் கொழும்பு கோட்டையை அடையும் என்பதால் காலைக் கூட்டத்துக்கு அதுவே வசதி. முன்பதிவு ஆசனங்கள் சீக்கிரம் முடிந்துவிடும். கிடைக்காவிட்டால் மூன்றாம் வகுப்பில் நின்றுகொண்டு போகவும் நேரும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்தப் பாதையைப் பல இடங்களில் சிதைத்தது. ஆகவே புறப்படுமுன் ரயில் ஓடுகிறதா என்று நிலையத்தில் கேளுங்கள். 1919 என்ற அரச தகவல் நிலைய இலக்கத்திலும் கேட்கலாம்.

பஸ் கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வழியாகப் புறக்கோட்டைக்குப் போகும். நாலைந்து மணித்தியாலம் பிடிக்கும். மழைக்காலத்தில் மண்சரிவால் வீதி மூடப்படுவதும் உண்டு.

கோட்டையிலிருந்து மண்டபத்துக்கு

வெள்ளவத்தை தமிழ்ச் சங்கத்துக்குப் போவோர் கோட்டையில் கரையோர ரயிலுக்கு மாறலாம். அல்லது புறக்கோட்டையில் 100, 101 இலக்க பஸ்களில் காலி வீதியால் போகலாம். பண்டாரநாயக்க மண்டபம் பௌத்தாலோக மாவத்தையில் இருக்கிறது. பம்பலப்பிட்டியில் இறங்கி அங்கிருந்து ஆட்டோவில் போகலாம்.

வன்னியிலிருந்து வருவோரும் இதே கோட்டை நிலையத்தில்தான் இறங்குகிறார்கள். வடக்குப் பாதையும் மலையகப் பாதையும் பொல்கஹவெலயில் ஒன்று சேர்கின்றன. 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சி போய்க் குடியேறிய குடும்பங்களுக்கு உறவுகள் இரு பாதைகளிலும் இருக்கிறார்கள். யுத்த காலத்தில் அடையாள அட்டை இல்லாத தோட்டத்து இளைஞர் கொழும்புக்கு வருவதே ஆபத்து. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள்; மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்த நினைவில் இன்றும் பல பெற்றோர் பிள்ளைகளிடம் "ஐடென்டி எடுத்தியா?" என்று கேட்டுத்தான் அனுப்புகிறார்கள்.

உண்மையான செலவு

பஸ் காசைவிடப் பெரிய செலவு, இழக்கும் 'பேர்'. தோட்டத்தில் ஒரு நாள் வேலை ஒரு பேர். நிர்ணயித்த கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர்தான். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்கி, வருகைக்கென அரசு 200 ரூபா சேர்ப்பதாக அறிவிக்கப்பட்டது. வேலைக்குப் போகாத நாளில் இரண்டும் இல்லை. இரவு ரயிலில் போய் மறுநாள் இரவு திரும்பும் பெண்ணுக்கு அதற்கடுத்த நாள் மலையேறவும் உடம்பு இடம் கொடுக்காது.

ஆகவே ஏற்பாட்டாளர்களிடம் கேட்பது இதுதான். கூட்டத்தை 11 மணிக்குத் தொடங்கி 3 மணிக்கு முடியுங்கள். பயணக் காசையும் இழக்கும் பேரையும் முன்கூட்டியே கொடுங்கள். பெண்கள் இரவில் கோட்டையில் காத்திருக்காமல் தங்க இடம் ஒழுங்கு செய்யுங்கள். அல்லது மாநாட்டை ஹட்டனில் நடத்துங்கள். கொழும்பிலிருந்து வருவதற்கும் அதே ரயில்தான். இல்லையென்றால் தோட்டத் தொழிலாளரைப் பற்றிய தீர்மானங்களை, தொழிலாளர் இல்லாத மண்டபத்தில்தான் தொடர்ந்தும் எழுதிக்கொண்டிருப்போம்.