ஒரே கார்ட்டில் எல்லாம் வேண்டும்: கிராபிக்ஸ் கார்ட்டின் கதை

உயர்தரத்துக்கு ஐசிடி எடுக்கும் பிள்ளைகளின் பதுளை வாப்பாமாரும் பசறை, லுணுகலைத் தோட்டப் பக்கத்து அப்பாமாரும் கேட்பது ஒன்றுதான்: “சேர், எல்லா வேலைக்கும் சரிவரக்கூடிய ஒரு கிராபிக்ஸ் கார்ட் சொல்லுங்க.” இந்தக் கேள்விக்கு வயது நாற்பதுக்கு மேல்.

1981 இல் ஐபிஎம் தன் பிசியை விற்பனைக்கு விட்டபோது இரண்டு கார்ட்தான். எம்டிஏ கார்ட்டில் எழுத்து தெளிவு, ஆனால் படம் வராது. சிஜிஏ கார்ட்டில் படம் வரும், 320×200 புள்ளிகளில் நான்கே நிறம், எழுத்தோ மங்கல். எம்டிஏயில் இன்னொரு சிக்கல்: எழுத்துகள் கார்ட்டுக்குள்ளேயே பதித்து வைக்கப்பட்டவை. அதில் இல்லாத எழுத்தைத் திரையில் கொண்டுவர வழியில்லை.

வான் சுவன்னுகுல் என்ற தாய்லாந்துக்காரர் தன் கலாநிதிப் பட்ட ஆய்வைத் தாய் எழுத்தில் பிசியில் எழுத விரும்பினார். (தாய்மொழி என்று எழுதினாலும் பொருந்தும்!) இரண்டு கார்ட்டிலும் முடியவில்லை. தானே ஒன்றைச் செய்தார். 1982 இல் வந்த அந்த ஹெர்குலிஸ் கார்ட், எம்டிஏயின் தெளிவோடு 720×348 புள்ளிகளில் படமும் காட்டியது. உலகமே அதை வாங்கியது. படம், விளையாட்டு எல்லாம் பிறகு. முதலில் ஒருவருக்குத் தன் எழுத்து தேவைப்பட்டது.

நமது எழுத்துக்கும் இதே நிலைதான். கான்பூர் ஐஐடியில் தொடங்கிப் புனேயின் சி-டாக் வளர்த்த ஜிஸ்ட் கார்ட்டைப் பிசிக்குள் செருகித் தமிழும் மற்ற இந்திய எழுத்துகளும் திரையில் வந்தன. விண்டோஸ் 2000 முதல் யூனிகோட் தமிழ் விண்டோஸுக்குள்ளேயே வருகிறது.

1996 இல் வூடூ கார்ட் வந்தது. முப்பரிமாண விளையாட்டு மட்டுமே செய்யும். சாதாரண திரைக்கு இன்னொரு கார்ட்டும் வாங்க வேண்டும். அடுத்த வருடமே என்விடியாவின் ரிவா 128 இரண்டையும் சேர்த்துச் செய்தது. தனித்தனியாக வரும், பிறகு ஒன்றாகும். இதுவே வழமை.

இப்போது நம் பக்கத்துக் கணக்கு. 2021 இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனது. மறுவருடம் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது. 200 டொலர் கார்ட் ஒன்று, வரி சேர்க்காமலே, 40 நாள் சம்பளத்திலிருந்து 72 நாளுக்குப் போய்விட்டது. அதனால் கடைக்காரர் சொல்வதற்கு முன் பிள்ளையிடம் கேளுங்கள், என்ன செய்யப் போகிறாய் என்று.

பாட வீடியோ, தமிழ் டைப்பிங், புரோகிராமிங் என்றால் புரொசசரோடு வரும் கிராபிக்ஸே போதும். வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வரைதல் என்றால் 2019 இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 போல 75 வாட்ஸ் அளவிலான கார்ட் பாருங்கள். அதில் பலவற்றுக்குத் தனிப் பவர் வயர் வேண்டாம், பழைய பவர் சப்ளையை மாற்றும் செலவு மிச்சம். பாவித்த கார்ட் என்றால் கவனம்: 2022 செப்டெம்பரில் எதீரியம் மைனிங் நின்றதும், இரவு பகலாக ஓடிய கார்ட்டுகள் உலகச் சந்தைக்கு வந்தன. கடையிலேயே பூட்டி, அரை மணி நேரம் ஓடவிட்டு, ஃபேன் சத்தத்தையும் சூட்டையும் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.