டாப் கியருக்கு மேலே ஒரு கியர்

1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று ஆந்திரத்தின் சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த பள்ளிப்பட்டுப் பிரதேசத்துக்கு, ம.பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும் அதன் பின் எல்லை மத்தியஸ்தர் படாஸ்கர் அளித்த தீர்ப்பும் புதியதொரு தலைநகரைத் தந்தனவேயன்றி, பழைய சந்தைகளையும் பழைய சாலைகளையும் மாற்றிவிடவில்லை. நகரியும் புத்தூரும் சித்தூரும் எல்லைக்கு அப்பால், திருத்தணியும் திருவள்ளூரும் சென்னையும் இப்பால் என்று இருபுறமும் கை நீட்டியே அந்த ஊர் வாழ்ந்து வந்திருக்கிறது. கழனியிலிருந்து கரும்பும் வேர்க்கடலையும் மாங்காயும் புறப்பட வேண்டும். தறிகளுக்கு நூல் வந்து சேர வேண்டும். இந்தப் போக்குவரத்தைச் சுமக்கும் வண்டி, மழைக்குப் பின் சேறாகிக் கிடக்கும் வண்டிப் பாதையில் முழுப் பாரத்தோடு மெல்ல ஊர்ந்து ஏறவும் வேண்டும், திருத்தணியைத் தாண்டிய பிறகு சமதரையாக நீளும் நெடுஞ்சாலையில் நேரத்தை வீணாக்காமல் ஓடவும் வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இந்த இரண்டு காரியங்களையும் ஒரே கியர் பாக்ஸினிடம் எதிர்பார்த்ததிலிருந்துதான், நம் பக்கத்து மோட்டார்ப் பட்டறைகளின் சரித்திரத்தில் ஒரு முக்கியமான அத்தியாயம் பிறந்தது என்பது என் அபிப்பிராயம்.

வண்டியைக் கம்பெனி கொடுத்தபடியே வைத்துக்கொள்ளாமல் தேவைக்குத் தக்கபடி மாற்றியமைக்கும் பழக்கம் இங்கே டீசலுக்கு முற்பட்டது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, டி.வி.எஸ். போன்ற நிறுவனங்கள் தயாரித்த கரி வாயுக் கலங்களை முதுகில் சுமந்துகொண்டு தமிழ்நாட்டுப் பஸ்கள் ஓடின. அந்த வாயுவில் இன்ஜினின் வலிமை குறைந்துபோகும். மேட்டைக் கண்டால் டிரைவர் முன்கூட்டியே கீழ்க் கியருக்கு இறங்கியாக வேண்டும். எரிபொருள் மாறினால் கியரின் கணக்கும் மாறிவிடும் என்ற பாடத்தை நம்மவர்கள் அப்போதே கைப்பழக்கத்தில் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

யுத்தத்துக்குப் பின் சென்னையும் அதன் வடபுறமும் யந்திரத் தொழிலின் க்ஷேத்திரமாக வளர்ந்தன. 1948-இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி, பின்பு லேலண்ட் காமெட் லாரிகளுக்குத் திரும்பி, 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் பூண்டது. 1840-இல் குதிரை வண்டி கட்டும் கூடமாகப் பிறந்த சிம்ப்ஸன் கம்பெனி, 1950-களில் இங்கிலாந்துப் பெர்க்கின்ஸின் பி-6 என்னும் ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினைச் சென்னையிலேயே உருவாக்கத் தலைப்பட்டது. பெட்ரோலில் ஓடிக்கொண்டிருந்த பெட்ஃபோர்டு, டாட்ஜ், ஃபார்கோ லாரிகளின் மூக்குக்குள் இந்த பி-6 புகுந்த காலத்தை அந்நாளைய லாரி முதலாளிகள் ஒரு விமோசனமாகவே கருதியிருப்பார்கள். ஏனெனில் டீசல் எண்ணெய் விலை மலிவு, அதோடு ஒரே அளவு எண்ணெயில் அதிகத் தூரம் ஓடவும் ஓடும்.

ஆனால் அந்த விமோசனத்தோடு ஒரு சங்கடமும் கூடவே வந்தது. டீசல் இன்ஜின் மெதுவாகச் சுழல்வது. பி-6 நிமிடத்துக்குச் சுமார் 2,400 சுற்றோடு நின்றுவிடும். அது அமர்ந்த இடத்தில் முன்பிருந்த பெட்ரோல் இன்ஜினோ அதைவிட வேகமாகச் சுழலக்கூடியது. பின் அச்சிலுள்ள பற்சக்கரங்கள் அந்தப் பெட்ரோல் இன்ஜினை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டவை. ஆகையால் இன்ஜின் மாறியதும் இழுவை பெருகிற்று, ஓட்டம் குன்றிற்று.

இதைத் துலக்கமாகக் காண ஜீப்பை எடுத்துக்கொள்வது நல்லது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் மஹிந்திரா பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்புகளின் வழியில் வந்த வண்டிகள், பின்னால் தொட்டி கட்டிய பிக்கப்பாகவும், கூண்டு கட்டிய வாடகை வண்டியாகவும் கிராமந்தோறும் உழைத்தன. ஜீப்பின் பின் அச்சில் 8 பற்கள் கொண்ட பினியன், 43 பற்கள் கொண்ட கிரவுன் சக்கரத்தைச் சுழற்றும். அதாவது ஏறத்தாழ 5.38-க்கு ஒன்று. 2,400 சுற்றோடு நின்றுவிடும் ஒரு டீசல் இன்ஜினை அதில் வைத்தால், டாப் கியரில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 446 தடவைதான் சுழலும். 16 அங்குல ரிம்மில் ஏற்றிய வழக்கமான ஜீப் டயருக்கு அது மணிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். இன்ஜின் கதறிக்கொண்டிருக்க, வண்டி அதற்கு மேல் நகராது. பள்ளிப்பட்டிலிருந்து சென்னைக்குச் சரக்கு கொண்டுபோகிற ஒருவர், பயணத்தின் பெரும்பகுதியை இந்தக் கதறலைக் கேட்டபடியே கழிக்க நேரும்.

இதற்கு உலகம் கண்ட பரிகாரங்களில் மிகவும் நேர்த்தியானது ஓவர் டிரைவ். எட்கர் டி நார்மன்வில் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் வகுத்த அந்த அமைப்பை ஷெஃபீல்டு நகரத்து லேகாக் கம்பெனி தயாரித்தது. அதை முதன்முதலில் ஏற்றுக்கொண்ட கார் ஸ்டாண்டர்டு வான்கார்டு. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் பூட்டி விற்ற அதே வான்கார்டுதான் அது என்பதை நினைக்கையில், இந்தச் சரித்திரத்தின் ஒரு நுனி நம் ஊர்வரை நீண்டிருந்தது விளங்கும். வான்கார்டின் பெட்ரோல் இன்ஜின் 4,200 சுற்றில் 68 குதிரைச் சக்தி தந்தது. 1954-இல் இங்கிலாந்தில் அதற்கு ஒரு டீசல் இன்ஜினையும் வைத்தார்கள். ஏறக்குறைய அதே கொள்ளளவுள்ள அந்த இன்ஜின் 3,000 சுற்றில் 40 குதிரைச் சக்தியோடு நின்றுவிட்டது. டீசலின் குணம் இந்த இரண்டு எண்களில் அடங்கியிருக்கிறது.

ஓவர் டிரைவின் உள்ளமைப்பைச் சற்று நிதானமாகவே பார்க்கலாம். நடுவில் ஒரு பற்சக்கரம்; அதைச் சுற்றி வரும் சிறு சக்கரங்கள்; அவற்றையெல்லாம் சூழ்ந்து, உட்புறத்தில் பல் வெட்டிய ஒரு வளையம். நடுச்சக்கரத்துக்கு சன் கியர் என்றும் சிறியவற்றுக்கு பிளானெட் கியர் என்றும் பெயர். கியர் பாக்ஸிலிருந்து வரும் சுழற்சி சிறு சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தில் சேர்கிறது. வளையத்திலிருந்து அது பின் அச்சுக்குப் போகிறது. சாதாரண ஓட்டத்தில் கூம்பு வடிவமான ஒரு கிளச் நடுச்சக்கரத்தையும் வளையத்தையும் பிணைத்து வைப்பதால், எல்லாம் ஒரே கட்டியாகச் சுழலும். டிரைவர் சுவிட்சைத் தட்டியதும், எண்ணெயின் அழுத்தம் அந்தக் கூம்பை எதிர்ப்புறம் தள்ளி, நடுச்சக்கரத்தை அசையவிடாமல் கூட்டோடு நிறுத்திவிடும். அப்போது சிறு சக்கரங்கள் அதன்மேல் உருண்டு, வெளி வளையத்தைத் தம்மினும் வேகமாகச் சுழற்றுகின்றன. லேகாக் ரகங்களில் ஒன்றின் விகிதம் 0.778, அதாவது முன்பு 2,400 சுற்றில் அடைந்த வேகத்தை இன்ஜின் இப்போது சுமார் 1,870 சுற்றிலேயே அடைந்துவிடும். நாம் கண்ட டீசல் ஜீப்பு 60-ஐ விட்டு 75-ஐத் தாண்டிப் போகலாம்.

இதைப் பொருத்துவதோ எளிய காரியமன்று. கியர் பாக்ஸின் வால் பகுதியைக் கழற்றி, மெயின் ஷாஃப்டை மாற்றி, இடையே ஒரு தகட்டைக் கடைந்து வைத்து, ஓவர் டிரைவை மையம் பிசகாமல் பூட்ட வேண்டும். பின்னால் நீளம் கூடிவிடுவதால் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் குறுக்கி மறுபடியும் பாலன்ஸ் பார்க்க வேண்டும்; கியர் பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தையும் நகர்த்த வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய எச்சரிக்கை ரிவர்ஸ் கியர்: ஓவர் டிரைவ் பிடித்திருக்கும்போது வண்டியைப் பின்னால் எடுத்தால் உள்ளேயுள்ள ஒருவழிக் கிளச் நொறுங்கிவிடும். ஆகவே மேல் கியரில் மட்டுமே மின்சாரம் போகும்படி ஒரு தடுப்புச் சுவிட்சும் இன்றியமையாதது.

இவ்வளவு செலவையும் நுட்பத்தையும் வேண்டிய, இறக்குமதியை நம்பிய அந்த யந்திரம் நம் பட்டறைகளில் வேரூன்றவில்லை. 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் பெட்ரோல் விலை ஏற ஏற, அம்பாஸடர்களுக்கும் ஜீப்புகளுக்கும் டீசல் இன்ஜின் வைக்கும் தொழில் பெருகியபோது, நம்மவர்கள் கைக்கொண்ட வழி வேறு. கிரவுன் பினியனையே மாற்றிவிட்டார்கள். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பற்களை எண்ணித் தேடி எடுத்த ஜோடியை அச்சில் வைத்து, பற்களில் நீல மை தடவிக் கையால் சுழற்றி, மை எங்கே அழிகிறது என்று பார்த்து, பல்லின் நடுவே தொடும்வரை மெல்லிய ஷிம் தகடுகளைச் செருகியும் நீக்கியும் சரிசெய்யும் அந்த வேலை, புத்தகத்தைக் காட்டிலும் விரல் நுனியின் அனுபவத்தையே அதிகம் நம்பியது. மையின் தடத்தைக் கண்டே, பின்னால் அந்த அச்சு ஊளையிடுமா இடாதா என்று சொல்லிவிடும் வித்வான்களும் அந்தத் தொழிலில் உண்டு.

எனினும் நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பினியனை மாற்றினால் மேல் கியரில் கிடைக்கும் லாபம் முதல் கியரில் நஷ்டமாக வெளிப்படும், ஜீப்பின் 5.38-ஐ 4.2 அளவுக்குக் குறைத்தால் முதல் கியரின் இழுவையும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். சவாரிக் காருக்கு அது பெரிதல்ல. கரும்புக் கட்டோடு வயலைவிட்டு மேடேறும் பிக்கப்புக்கு அது கிளச்சைத் தின்னும் வினை. ஓவர் டிரைவோ கீழ்க் கியர்களைத் தொடாமல், மேலே மட்டும் ஒன்றைக் கூட்டிக் கொடுக்கிறது. பாரமும் தூரமும் ஒருங்கே கூடும் பள்ளிப்பட்டைப் போன்ற ஊருக்கு உண்மையில் ஏற்றது அதுவே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது கைக்கெட்டாமற் போனதற்கு நம் தொழிலாளரின் திறமைக் குறைவு காரணமன்று, இறக்குமதிக் கட்டுப்பாடும் விலையுமே காரணம்.

பிற்பாடு அந்தத் தேவையைத் தொழிற்சாலைகளே நிறைவேற்றத் தொடங்கின. 1980-களில் ஜப்பானியக் கூட்டுறவோடு வந்த இலகு லாரிகளையும், 1988-இல் வந்த டாட்டாமொபைல் பிக்கப்பையும் தொடர்ந்து, ஐந்து கியர் கொண்ட பெட்டிகள் படிப்படியாகச் சாதாரணமாகிவிட்டன. பெரும்பாலான அத்தகைய பெட்டிகளில் ஐந்தாவது கியர் என்பது உள்ளேயே அமைந்துவிட்ட ஓவர் டிரைவ்தான். மண் அள்ளும் யந்திரங்களுக்காக 1971-இல் திருவள்ளூரில் ஏற்பட்ட ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்தே 1998-இல் ஐந்து கியர் மிட்ஸுபிஷி லான்ஸர் கார்கள் வெளிவந்தன. மற்றொரு புறம், 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு வரம்பு கட்டியது. 2019-இல் சுப்ரீம் கோர்ட்டும் அந்த வரம்பை இறுக்கமாகவே வியாக்கியானம் செய்தது. தனியாக வாங்கிப் பொருத்தும் ஓவர் டிரைவ் இன்று பெரிதும் அமெரிக்காவில் வாழ்கிறது: லேகாக் வடிவத்தை அடியொற்றி அங்கே கியர் வெண்டர்ஸ் என்னும் கம்பெனி செய்யும் யந்திரத்தை, டிரெய்லர் இழுக்கும் பெரிய டீசல் பிக்கப்புகளின் கியர் பாக்ஸுக்குப் பின்னால் இன்றும் பூட்டுகிறார்கள், அதன் விகிதமும் 0.778 தான்.